கட்சிப் பற்றும் மனமாற்றமும்

'கட்சி மாறியவர்' என்னும் தொடர் நம்மிடையே வசைமொழியாகவே வழங்கி வருகின்றது. ஒருவர் தம் தொழிலை மாற்றிக்கொண்டால் அவரை நாம் பழிப்பதில்லை; ஊரை மாற்றிக்கொண்டால் வியப்பதுமில்லை. முப்பது வயதிற் கற்ற வைத்திய முறையை அறுபது வயதிலும் சிறிதும் மாற்றாத மருத்துவரிடம் நோயைக் காட்ட அஞ்சுவோம். ஆயின், அரசியற் கட்சியை மட்டும் ஒருவர் மாற்றிக்கொண்டால், காரணம் யாதென்று கேட்குமுன்னரே தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். பதவியாசை என்கின்றோம், பணத்தாசை என்கின்றோம், சினம் மிகுந்தால் துரோகி என்கின்றோம். இக்கடைசிச் சொல் எத்துணைக் கொடியது என்பதை இந்நாட்டுத் தமிழ் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அச்சொல் தம்மேற் சுமத்தப்பட்டமையால் உயிரிழந்தோர் நம்மிடையே பலர்.

பதவிக்காகவும் பணத்துக்காகவும் கட்சி மாறுவோர் உளர் என்பது உண்மையே. ஆயினும் எல்லா மாற்றமும் அவ்வகையினதன்று. நல்ல நாணயத்தையும் கள்ள நாணயத்தையும் வேறுபடுத்தி அறிய மாட்டாதவன் இரண்டையும் ஒருங்கே எறிந்துவிடுதல் அறிவுடைமையாகாது. ஆகவே, ஒருவருடைய கட்சிப் பற்று எவ்வாறு தோன்றுகின்றது, எக்காரணங்களால் தளர்கின்றது, எவ்வளவு காலத்தில் மாறி முடிகின்றது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

இவ்வினா நமக்குப் புதியதன்று. கம்பநாடர் காவியத்தில் இராவணனுடைய தம்பியர் இருவர் இதற்கு இருவேறு விடைகளாக நிற்கின்றனர். வீடணன் தமையனுக்கு நீதி கூறி, அது செவியேறாமற் போகவே, இராமனிடம் அடைக்கலம் புகுந்தான். கும்பகருணனும் தமையன் செய்தது தவறென்று அவன் முகத்துக்கு நேரே கூறியவனே. ஆயினும் தன்னை வளர்த்தவனை விட்டு நீங்க மனமின்றி, அவன் பக்கமே நின்று போரில் மடிந்தான். இவ்விருவருள் யார் சிறந்தவர் என்று நம் பட்டிமன்றங்கள் இன்றும் வாதிட்டு வருகின்றன. கவிஞரோ இருவருள் எவரையும் இழிவுபடுத்தினாரல்லர். ஆனால், காவியத்தில் ஒருவன் பக்கம் மாறுவதற்கு ஒரு படலம் போதும். வாழ்க்கையில் அது போதாது. அங்கே மாற்றம் ஆண்டுக் கணக்கில் நிகழ்கின்றது. பெரும்பாலும் மாறுகின்றவருக்கே தெரியாமல் நிகழ்கின்றது.

இதனை விளக்குவதற்கு இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக நான்கு முறை பணியாற்றிய வில்லியம் கிளாட்ஸ்ரன் என்பாரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுகின்றேன். அவர் மறைந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அவர் எழுதி வந்த நாட்குறிப்பு முழுவதும் அச்சேறிவிட்டது. ஆகவே, அவர் மனத்துள் நிகழ்ந்தவற்றை ஊகத்தால் அன்றிச் சான்றுகளால் அறிய முடிகின்றது. உள்ளூர்க் கட்சிகளுள் ஒன்றைப் பற்றிப் பேசும்போது எழும் மனத்தாங்கலுக்கும் அங்கே இடமில்லை.

அக்காலத்து இங்கிலாந்தில் இரண்டு பெருங்கட்சிகள் இருந்தன. மன்னராட்சி, திருச்சபை, நிலவுடைமை ஆகிய பழைய அமைப்புகளைக் காப்பதே கடமையெனக் கருதியவர்கள் டோரிகள். இவர்களே பின்னர்ப் பழைமை பேணும் கட்சியினர் எனப்பட்டனர். வாக்குரிமையை விரித்தல், சமயச் சமத்துவம் முதலிய சீர்திருத்தங்களை நாடியவர்கள் விக் கட்சியினர். இவர்களும் வேறு சில பிரிவினரும் கூடியே பிற்காலத்தில் லிபரல் கட்சி எனப்படும் தாராண்மைக் கட்சி உருவாயிற்று. கிளாட்ஸ்ரன் முதற் கட்சியின் செல்லப்பிள்ளையாகப் பொதுவாழ்வில் நுழைந்து, இரண்டாங் கட்சியின் ஈடிணையற்ற தலைவராக அதனை விட்டு நீங்கியவர்.

அவர் 1809 ஆம் ஆண்டு டிசம்பரில் லிவர்ப்பூல் நகரத்திற் பிறந்தார். தந்தையார் பெரு வணிகர். மேற்கிந்தியத் தீவுப் பகுதிகளில் அடிமைகளைக் கொண்டு நடத்தப்பட்ட தோட்டங்களுக்கு உடைமையாளர். இத்தந்தையாரே முன்னர் விக் கட்சியை ஆதரித்துப் பின்னர் டோரிகளின் பக்கம் சேர்ந்தவர் என்பது கருதத்தக்கது. மகனோ தந்தை வந்து சேர்ந்த இடத்தையே தன் பிறப்பிடமாகக் கொண்டான். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பயின்றபோது, 1831 இல், வாக்குரிமையை விரிக்கும் சீர்திருத்த மசோதாவை எதிர்த்து மாணவர் சங்கத்தில் அவர் ஆற்றிய உரை பெரும் புகழ் பெற்றது. அங்கே உடன் பயின்ற நண்பர் ஒருவரின் தந்தை நியூகாசில் கோமகன். நூவாக் என்னும் தொகுதி அவருடைய செல்வாக்குக்கு உட்பட்டிருந்தது. அத்தொகுதியை அவர் இவ்விளைஞருக்கு அளித்தார். 1832 இல், இருபத்து மூன்று வயது நிரம்புமுன்னரே, கிளாட்ஸ்ரன் பாராளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டில் அடிமை முறை பற்றிய விவாதத்தில் எழுந்து, தந்தையாரின் தோட்டத்தின்மேற் கூறப்பட்ட குற்றச்சாட்டுகளை மறுத்துப் பேசினார்.

கட்சிப் பற்று எவ்வாறு தோன்றுகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. தந்தை, நட்பு, நன்றிக்கடன், இளமையிற் பெற்ற பாராட்டு ஆகிய நான்கும் சேர்ந்து அவரைக் கட்சியோடு பிணித்தன. கொள்கை அதன் பின்னரே வந்தது. வந்த கொள்கையையும் அவர் அரைகுறையாகக் கொள்ளவில்லை. அரசானது அங்கிலிக்கன் திருச்சபையை மட்டுமே உண்மைச் சமயமாக ஏற்றுப் பேணுதல் வேண்டும் என்று 1838 இல் ஒரு நூலே எழுதினார். பெரும்பாலும் கத்தோலிக்கர் வாழும் அயர்லாந்திலும் அதுவே முறையென்பது அவர் கருத்து. மக்கோலே என்னும் பேரறிஞர் அந்நூலைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். எழுதும்போதே, கண்டிப்பான டோரிகள் தம் எதிர்கால நம்பிக்கையை இவ்விளைஞர்மீது வைத்திருக்கின்றனர் என்பதையும் குறிப்பிட்டார்.

இத்தகைய ஒருவர் எவ்வாறு மாறினார்? எதிர்க்கட்சியாருடைய பேச்சைக் கேட்டு அவர் மாறவில்லை. தம் கட்சி அரசாங்கம் தமக்குக் கொடுத்த வேலையைச் செய்தே மாறினார். 1841 இல் சேர் றொபேட் பீல் பிரதம மந்திரியானபோது கிளாட்ஸ்ரனை வர்த்தகச் சபையில் துணைத் தலைவராக அமர்த்தினார். வர்த்தகம் அவர் பயின்ற துறையன்று. அதில் அவருக்கு விருப்பமும் இருக்கவில்லை. ஆயினும் நூற்றுக்கணக்கான பொருள்களின் சுங்க வரியை ஒவ்வொன்றாக ஆராய்ந்து திருத்தும் பணி அவர் மேசைக்கு வந்தது. எந்த வரி யாருக்கு நன்மை செய்கின்றது, அதனால் எந்தப் பண்டத்தின் விலை எவ்வளவு ஏறுகின்றது என்று கணக்குப் பார்க்கப் பார்க்க, உள்நாட்டு நிலவுடைமையாளரைக் காக்கும் வரிகள் ஏழைகளின் உணவை விலையேற்றுகின்றன என்பது அவருக்குத் தெளிவாயிற்று. கட்சியின் கொள்கை மேடையில் வலிமையாகத் தோன்றும். கணக்கேட்டில் அது வேறு முகம் காட்டும். நேர்மையோடு பணி செய்வோர் பலருடைய மனமாற்றம் இத்தகைய ஏடுகளிலேயே தொடங்குகின்றது.

இரண்டாவது அசைவு 1845 இல் நேர்ந்தது. அயர்லாந்தில் மேனூத் என்னுமிடத்திலுள்ள கத்தோலிக்கக் குருமடத்துக்கு அரசாங்கம் கொடுத்து வந்த மானியத்தை உயர்த்தப் பீல் தீர்மானித்தார். கிளாட்ஸ்ரன் அப்பொழுது மந்திரிசபை உறுப்பினர். தாம் எழுதிய நூலுக்கு இத்தீர்மானம் முற்றிலும் மாறானது. அவர் பதவியைத் துறந்தார். துறந்தபின், சாதாரண உறுப்பினராக இருந்து அதே மானியத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். பலருக்கு இது புதிராகத் தோன்றியது. ஆதரிப்பதாயின் பதவி துறப்பானேன் என்று வினவினர். அவர் கருதியது இதுவே: தம் கருத்து உண்மையிலேயே மாறிவிட்டது, ஆயினும் பதவியிலிருந்துகொண்டு மாறினால், பதவிக்காக மாறியதாகவே உலகம் எண்ணும், ஆகவே முதலிற் பதவி போகட்டும், பின்னர் வாக்குப் போகட்டும். இவ்வொழுங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

மூன்றாவது அசைவு அவரை மட்டுமன்றி அவர் கட்சி முழுவதையும் உலுக்கியது. 1845 இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் தொடங்கியது. பிற நாட்டுத் தானியத்துக்கு வரி விதித்து உள்நாட்டு விலையைக் காத்து வந்த தானியச் சட்டங்களை நீக்கப் பீல் துணிந்தார். அச்சட்டங்களைக் காப்பதாகக் கூறியே அவருடைய கட்சியினர் பலர் தேர்தலில் வென்றிருந்தனர். 1846 இல் மசோதா நிறைவேறியது; ஆனால் அவர் கட்சியினரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் எதிர்த்து வாக்களித்தனர். எதிர்க்கட்சியின் வாக்குகளாலேயே அது நிறைவேறியது. பிரபுக்கள் சபை அச்சட்டத்தை ஏற்ற அதே இரவிற் பீலின் அரசாங்கம் வேறொரு மசோதாவில் தோற்கடிக்கப்பட்டது. கட்சி இரண்டாய் உடைந்தது. கிளாட்ஸ்ரன் தம் தலைவர் பீலின் பக்கம் நின்றார். நியூகாசில் கோமகனோ தானியச் சட்டங்களின் தீவிர ஆதரவாளர். அவருடைய ஆதரவின்றி நூவாக் தொகுதியில் நிற்க முடியாமையால், கிளாட்ஸ்ரன் குடியேற்ற நாட்டு மந்திரியாக இருந்தும் அவ்வாண்டு முழுவதும் பாராளுமன்றத்தில் இடமின்றியே இருந்தார். 1847 இலேயே ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத் தொகுதி அவரைத் திரும்பவும் அனுப்பியது.

நேயர்களே, இங்கே ஒரு வினா எழுகின்றது. 1846 இற் கட்சி மாறியவர் யார்? பீலின் குழுவினர் தாமே உண்மையான பழைமைக் கட்சி எனக் கூறினர். நாட்டின் அமைதியையும் பழைய அமைப்புகளையும் காக்கவே வரியை நீக்கியதாக வாதிட்டனர். எதிர்த்தவர்களோ, தேர்தலிற் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய தாமே உண்மையானவர் என்றனர். அவ்வெதிர்ப்பை நடத்திப் புகழ் பெற்றவர் டிஸ்ரேலி. ஆனால், 1852 அளவில் டிஸ்ரேலியும் அவர் கட்சியும் தானிய வரியை மீட்கும் எண்ணத்தையே கைவிட்டனர். 1866 இல் லிபரல் கட்சியார் கொணர்ந்த வாக்குரிமை மசோதாவை எதிர்த்து வீழ்த்திய அதே டிஸ்ரேலி, 1867 இல் அதனினும் விரிந்த வாக்குரிமையைத் தாமே சட்டமாக்கினார். அவரைக் கட்சி மாறியவர் என்று எவரும் கூறியதில்லை. கட்சியின் பெயரை விடாமலே கொள்கையை மாற்றுவோரும் உண்டு. கொள்கையை விடாமையினாலேயே கட்சியை இழப்போரும் உண்டு. பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

பழைய வீட்டை விட்டவர் உடனே புதிய வீட்டிற் குடிபுகுந்தாரோவெனின், இல்லை. 1846 முதல் 1859 வரை பதின்மூன்று ஆண்டுகள் கிளாட்ஸ்ரன் இரண்டுக்கும் நடுவே நின்றார். 1850 இற் பீல் மறைந்தார். அதே ஆண்டின் மாரிக்காலத்தில் மகளின் உடல்நலங் கருதி இத்தாலிக்குச் சென்ற கிளாட்ஸ்ரன், நேப்பிள்ஸ் நகரச் சிறைகளில் அரசியற் கைதிகள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நிலையைக் கண்டார். கண்டவற்றை அபடீன் பிரபுவுக்கு எழுதிய கடிதங்களாக 1851 இல் வெளியிட்டார். பழைய அரசுகள் யாவும் காக்கத்தக்கன என்னும் எண்ணம் அச்சிறை வாயிலில் ஆட்டங் கண்டது. 1852 இல் டிஸ்ரேலியின் வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கி வீழ்த்தினார். பின்னர் அபடீன் பிரபுவின் கூட்டு மந்திரிசபையில் நிதி மந்திரியானார்.

இவ்வளவும் நடந்த பின்னரும், பழைய கட்சியாரின் கூடுமிடமாகிய கால்ற்றன் கழகத்தில் 1860 வரை அவர் உறுப்பினராகவே இருந்தார். அங்கே சிலர் தம்மை வெளியே தூக்கி எறிவோமென்று உரப்பியபோதும் பெயரை எடுத்துவிடவில்லை. அறிவு முன்னே செல்கின்றது. நெஞ்சு பல ஆண்டுகள் பின்னே நின்று தயங்குகின்றது. கொள்கையை விடுவதைக் காட்டிலும் பழகிய நாற்காலியையும், பழகிய முகங்களையும், ஒரே சொல்லுக்கு உடன் சிரித்த நண்பர்களையும் விடுவது கடினம். கட்சி என்பது கொள்கைகளின் பட்டியல் மட்டுமன்று. அதுவும் ஒரு சுற்றமே. சுற்றத்தை நீங்குவோர் படும் வேதனையை அறியாதவர்களே மனமாற்றத்தை எளிய காரியமென எண்ணுவர்.

1859 ஜூன் 6 ஆம் நாள் விக் கட்சியாரும், பீலின் குழுவினரும், தீவிர சீர்திருத்தவாதிகளும் இலண்டனிற் கூடி ஒன்றுபட்டனர். லிபரல் கட்சி பிறந்த நாளாக இதனைக் கூறுவர். அக்கட்சியின் மாபெருந் தலைவராக வரவிருந்த கிளாட்ஸ்ரன் அக்கூட்டத்துக்குச் செல்லவில்லை. சில நாள்களின் பின்னர் நிகழ்ந்த வாக்கெடுப்பிலும் பழைமைக் கட்சி அரசாங்கத்துக்கே வாக்களித்தார். அவ்வரசாங்கம் வீழ்ந்ததும், பாமஸ்ரன் பிரபு அமைத்த லிபரல் மந்திரிசபையில் நிதி மந்திரிப் பதவியை ஏற்றார். இத்தாலியின் விடுதலையில் இருவருக்கும் இருந்த ஒத்த கருத்தே அவர்களை இணைத்தது. பிற விடயங்களில் இருவரும் அடிக்கடி முரண்பட்டனர். வாக்களித்தது ஓரிடம், பதவியேற்றது வேறிடம் என்று பகைவர் எள்ளினர். அவ்வெள்ளலுக்கு இடமில்லாமலும் இல்லை. மனிதருடைய நோக்கங்கள் பசும்பாலைப் போற் கலப்பின்றி இருப்பதில்லை. நாட்டுக்கு உழைக்கும் வேட்கையோடு, உயர்ந்த பதவியில் இருந்து உழைக்கும் வேட்கையும் அவரிடம் இருந்தது.

அதன் பின்னர் மாற்றம் விரைந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரினாற் பஞ்சு வரவு நின்று, லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் பட்டினி கிடந்தபோது அவர்கள் காட்டிய பொறுமை கிளாட்ஸ்ரனை உருக்கியது. இத்தகையோருக்கு வாக்குரிமை மறுப்பதற்கு அறநெறியில் இடமில்லை என்று 1864 இல் வெளிப்படையாகக் கூறினார். அடுத்த ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் அவரைத் தோற்கடித்தது. அவர் தெற்கு லங்காஷயர் தொகுதிக்குச் சென்று வென்றார். பழைய சுற்றத்தோடு இருந்த கடைசி இழையும் அவ்வாறு அறுந்தது. அதனை அறுத்தவர் அவரல்லர், அவர்களே. 1868 இற் பிரதம மந்திரியானார். எந்த அயர்லாந்துத் திருச்சபையைக் காக்க முப்பது ஆண்டுகளுக்கு முன் நூல் எழுதினாரோ, அதன் அரசாங்க உரிமையை நீக்கும் சட்டத்தை 1869 இல் அவரே நிறைவேற்றினார். வாக்குரிமை விரிவை 1831 இல் எதிர்த்த மாணவர், 1884 இல் நாட்டுப்புறத் தொழிலாளருக்கும் அதனை வழங்கிய பிரதம மந்திரியானார்.

இவற்றுள் எனக்கு மிகுந்த மதிப்பைத் தருவது வேறொன்று. திருச்சபை பற்றிய தம் மாற்றத்தை அவர் மறைக்க முயலவில்லை. 1868 இற் சுயசரிதத்தின் ஓர் அத்தியாயம் என்ற பெயரிற் சிறு நூலொன்றை வெளியிட்டு, முன்னர்த் தாம் கருதியது யாது, அது ஏன் நிலைக்கவில்லை, எப்பொழுது மாறியது என்று நாட்டு மக்களுக்குக் கணக்கு ஒப்புவித்தார். முன்பு சொன்னதைச் சொல்லவேயில்லை எனச் சாதிக்கும் அரசியல்வாதிகளையே நாம் மிகுதியாகக் கண்டிருக்கின்றோம். சொன்னதை ஒப்புக்கொண்டு, மாறியதையும் ஒப்புக்கொண்டு, காரணத்தையும் எழுதி வைப்போர் அரியர்.

அவர் கதையின் கடைசிப் பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. 1886 இல் அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அவர் கட்சியினரிலேயே 93 பேர் எதிர்த்து வாக்களித்தனர். மசோதா 343க்கு 313 என்னும் வாக்குகளால் வீழ்ந்தது. ஜோசப் சேம்பலின் போன்ற தீவிர சீர்திருத்தவாதிகளும், வாழ்நாளெல்லாம் அக்கட்சிக்கு உழைத்த ஜோன் பிறைற்றும் அவரைக் கைவிட்டனர். பிரிந்தவர்கள் தனிக் கட்சியாகி, நாளடைவிற் பழைமைக் கட்சியோடு நெருங்கி, 1912 இல் அதனோடு இணைந்துவிட்டனர். முன்னர்க் கிளாட்ஸ்ரன் தம் கட்சியை விட்டு நீங்கினார். இப்பொழுது அவருடைய கட்சியினர் அவரை விட்டு நீங்கினர். ஒரு புதிய வினா நாட்டின் முன் வந்து நிற்கும்போது, பழைய வினாவுக்கு ஒரே விடை கூறியவர்கள் இருபுறமாகப் பிரிவது அரசியலின் இயல்பு.

தலைவர்களுக்கு நிகழும் இம்மாற்றம் சாதாரண வாக்காளருக்கும் நிகழ்கின்றதா? மிச்சிகன் பல்கலைக்கழகத்து அறிஞர் நால்வர் அமெரிக்க வாக்காளர் பற்றி 1960 இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்ந்தது. பெரும்பாலோர் கட்சிப் பற்றைப் பெற்றோரிடமிருந்தே பெறுகின்றனர். அது சமயப் பற்றைப் போல உள்ளத்தில் வேரூன்றி, செய்திகளைக் காணும் கண்ணாடியாகவே ஆகிவிடுகின்றது என்று அவர்கள் விளக்கினர். ஆயினும், பெரும் நெருக்கடிகள் அக்கண்ணாடியையும் மாற்றுகின்றன. அடிமைத்தளையை நீக்கிய லிங்கனின் கட்சியாகிய குடியரசுக் கட்சிக்கே அமெரிக்கக் கறுப்பின மக்கள் நெடுங்காலம் விசுவாசமாக இருந்தனர். பெரும் பொருளாதார மந்தத்தின் பின், 1936 இல், அவர்களிற் பெரும்பாலோர் ரூஸ்வெல்ற்றின் சனநாயகக் கட்சிக்கு வாக்களித்தனர். 1964 இற் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய காலத்தில் அம்மாற்றம் முழுமை பெற்றது. நன்றிக்கடன் தீர இரண்டு தலைமுறைகள் ஆயின. அவர்களை நன்றி மறந்தோர் என யார் கூற முடியும்? லிங்கனின் பெயர் மாறவில்லை. அப்பெயரைத் தாங்கிய கட்சி மாறியிருந்தது.

இனி, கட்சி மாறிய ஒருவரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? மேல்வகுப்பு மாணவர் வரலாற்றுப் பாடத்தில் இவ்வினாவைக் கேட்கும்போது மூன்று வினாக்களைத் திருப்பிக் கேட்குமாறு நான் கூறுவதுண்டு.

முதலாவது, மாறியது மனிதரா, கட்சியா, அன்றி நாட்டின் முன் நின்ற வினாவா? இரண்டாவது, மாற்றத்தால் அவர் இழந்தது யாது, பெற்றது யாது, இவற்றுள் எது முதலில் வந்தது? மூன்றாவது, பழைய சொல்லுக்கும் புதிய சொல்லுக்கும் பொறுப்பேற்று, காரணத்தை வெளிப்படையாகக் கூறினாரா? இம்மூன்றும் உரைகல்லாகும். இவற்றில் உரைத்தாலும் சிலருடைய மாற்று எளிதில் தெரிவதில்லை. வின்ஸ்ரன் சேர்ச்சில் 1904 இற் சுதந்திர வர்த்தகக் கொள்கைக்காகப் பழைமைக் கட்சியை விட்டு லிபரல் கட்சியிற் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அக்கட்சி பெருவெற்றி பெற்றது. லிபரல் கட்சி நலிந்துவிட்ட 1924 இற் பழைமைக் கட்சி அரசாங்கத்தில் நிதி மந்திரியானார். கொள்கையும் காற்றின் திசையும் அங்கே ஒருங்கே சென்றன. எது எதனை இழுத்தது என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர்.

நம் நாட்டு வரலாற்றிலும் பெரிய கட்சிகள் சில இத்தகைய பிரிவினாலேயே பிறந்தன. மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய வினாவில் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த செல்வநாயகம் அவர்கள் 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். பண்டாரநாயக்கா அவர்கள் 1951 இல் அரசாங்கத்தை விட்டு நீங்கிச் சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். இவர்களுடைய கொள்கைகளை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆயினும் பிரிந்தபோது இருவரும் அரசாங்கத்தின் நிழலை விட்டு எதிர்க்கட்சி வரிசைக்கே சென்றனர் என்பதை எவரும் மறுக்க இயலாது.

பிற்காலத்தில் விலைபேசிக் கட்சி மாறும் வழக்கம் பெருகியபோது, சட்டத்தால் அதனைத் தடுக்க நாடுகள் முயன்றன. இந்தியாவில் 1967 இல் அரியானா மாநில உறுப்பினர் ஒருவர் இரு வாரங்களுள் மும்முறை கட்சி மாறியது பழமொழியாகவே ஆகிவிட்டது. அங்கே 1985 இற் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்போ, கட்சியிலிருந்து நீக்கப்பட்ட உறுப்பினர், அந்நீக்கம் செல்லாதென்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தாலன்றித் தம் ஆசனத்தை இழப்பார் என விதித்தது. இச்சட்டங்களின் நோக்கம் நன்று. ஆனால், வேலி பயிரையும் மேயாமற் காத்தல் வேண்டும். 1846 இல் இத்தகைய சட்டம் இங்கிலாந்தில் இருந்திருப்பின், பஞ்சத்தின்போது கட்சியை மீறி வாக்களித்தவர்கள் ஆசனத்தை இழக்க நேர்ந்திருக்கும். தானிய வரி நீங்கியிருக்குமா என்பதும் ஐயமே. பணத்துக்காக மாறுபவனைப் பிடிக்கும் வலையில் மனச்சாட்சிக்காக மாறுபவனும் அகப்படுகின்றான். சட்டத்துக்கு இவ்விருவரையும் வேறுபடுத்தும் கண் இல்லை. அக்கண் வாக்காளரிடமே இருத்தல் வேண்டும்.

அது நம் வீடுகளிலிருந்தே தொடங்க வேண்டுவது. தந்தை ஒரு கட்சி, மகன் வேறொரு கட்சி என்னும் காரணத்தால் ஒரே கூரையின்கீழ்ப் பேச்சற்றுப் போன குடும்பங்கள் உள்ளன. தேர்தல் முடிந்து சுவரொட்டிகள் மழையில் நனைந்து உதிர்ந்த பின்னரும், அயலவர் இருவர் வேலிக்கு அப்பாலும் இப்பாலும் முகங்கொடாது நடப்பதைக் காண்கின்றோம். மாறாதவரை மூடர் என்பதும், மாறியவரைத் துரோகி என்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்களே. கட்சிப் பற்று இன்றியமையாதது. அஃது இன்றேல் கூட்டாகச் செய்யவேண்டிய பெருங்காரியம் எதுவும் நடவாது. ஆனால் அது கடவுட் பற்றன்று. காரணம் கேட்கத்தக்கது, காரணம் கூறத்தக்கது.

ஆதலால், நேயர்களே, நம் அயலவர் ஒருவர் நெடுநாள் நின்ற கட்சியை விட்டு நீங்கினார் என்று கேள்வியுற்றால், அவருக்குப் பெயர் சூட்டுமுன்னர் அவரிடம் ஒரு வினாவைக் கேட்போமாக: ஏன் மாறினீர்கள்? அவர் கூறும் விடையை இறுதிவரை கேட்டு, அதன் பின்னர் நம் தீர்ப்பைக் கூறுவோம்.